தூரிகையால் குடும்பம் நடத்திய லில்லி ஸ்பென்சர்

சமையலறையில் ஒரு பெண் நிற்கிறாள். மாவு பிசைந்து கொண்டிருந்தவள், யாரோ வருவதைப் பார்த்து நிமிர்கிறாள். முகத்தில் குறும்புச் சிரிப்பு. மாவு அப்பிய கையைக் கழுவாமல் அப்படியே முன்னால் நீட்டுகிறாள், கை குலுக்க வாருங்கள் பார்க்கலாம் என்பது போல!

'கை குலுக்கலாமா?' என்பது அந்த ஓவியத்தின் பெயர். 1854-ம் ஆண்டு வரையப்பட்டது. அதை வரைந்தவர் லில்லி மார்ட்டின் ஸ்பென்சர். அன்றைய அமெரிக்காவில் அவர் பெயரை அறியாத ஓவிய ரசிகர் இல்லை என்று சொல்லலாம். அவருடைய படங்களின் அச்சுப் பிரதிகள் ஊர் ஊராக விற்றன. அரண்மனையையும் போர்க்களத்தையும் வரைந்தவர்கள் மத்தியில், அடுப்பங்கரையையும் தொட்டிலையும் வரைந்து பெயர் வாங்கியவர் அவர்.

அந்தப் படங்களில் எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் அவற்றை வரைந்த கைக்கு ஓய்வு கிடையாது. 13 குழந்தைகளைப் பெற்ற தாய் அவர். கணவருக்கு நிரந்தர வருமானம் இல்லை. வீட்டு வாடகை, பால், ரொட்டி, துணிமணி அத்தனையும் அவருடைய தூரிகை முனையிலிருந்தே வர வேண்டியிருந்தது. சுமார் 60 ஆண்டுகள் அந்தத் தூரிகை ஓயவில்லை.

பிழைப்புத் தேடி வந்த குடும்பம்

லில்லியின் பெற்றோர் பிரெஞ்சுக்காரர்கள். பிழைப்புக்காக இங்கிலாந்து சென்று, எக்ஸிட்டர் என்ற ஊரில் குடியிருந்தார்கள். அங்கே 1822-ம் ஆண்டு நவம்பர் 26-ந் தேதி லில்லி பிறந்தார். ஆஞ்சலிக் மாரி மார்ட்டின் என்பது பெற்றோர் இட்ட பெயர். லில்லி என்பது வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயர். கடைசியில் அதுவே நிலைத்துவிட்டது.

1830-ம் ஆண்டு இந்தக் குடும்பம் கப்பலேறி அமெரிக்கா வந்தது. முதலில் நியூயார்க். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, மேற்கே ஓஹியோ மாநிலத்தில் உள்ள மரியெட்டா என்ற சிற்றூர். ஆக, பிறந்தது ஒரு நாடு, பேசிய தாய்மொழி இன்னொரு நாட்டுடையது, வளர்ந்தது மூன்றாவது நாடு. பதினொரு வயதுக்குள் இத்தனை இடமாற்றங்களைக் கண்டுவிட்டார் லில்லி.

தந்தையார் ஆசிரியர். பிரெஞ்சு மொழி கற்பித்தவர். தாயாரும் நன்கு படித்தவர். பெண்களுக்கும் ஆண்களுக்குச் சமமான உரிமை வேண்டும் என்ற எண்ணம் கொண்டவர். எல்லோரும் கூடி உழைத்து, கூடி வாழ வேண்டும் என்று சொன்ன ஃபூரியே என்ற பிரெஞ்சு அறிஞரின் கொள்கையில் இருவருக்கும் ஈடுபாடு உண்டு. பிற்காலத்தில் ஓஹியோவிலேயே அந்தக் கொள்கைப்படி அமைந்த டிரம்புல் ஃபாலங்க்ஸ் என்ற கூட்டுக் குடியிருப்பில் அவர்கள் சேர்ந்தார்கள். மகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்.

சுவரில் பிறந்த ஓவியம்

அந்தக் காலத்து அமெரிக்கக் கிராமப்புறத்தில் ஓவியம் கற்கப் பள்ளி ஏது? வண்ணமும் துணியும் வாங்கப் பணம் ஏது? லில்லிக்குக் கிடைத்தது அடுப்புக்கரி. கண்ணெதிரே இருந்தது வீட்டுச் சுவர். அந்தச் சுவரிலேயே தன் வீட்டு மனிதர்களை ஆள் உயரத்துக்கு வரையத் தொடங்கினார்.

சுவரைக் கரியாக்கிவிட்டாயே என்று பெற்றோர் அடிக்கவில்லை. மகளுக்கு இருந்த திறமையைப் புரிந்துகொண்டார்கள். செய்தி பரவி, அக்கம்பக்கத்தார் அந்தச் சுவரைப் பார்க்க வந்து போனார்கள். உள்ளூரில் இருந்த சாலா பாஸ்வொர்த், சார்லஸ் சல்லிவன் என்ற இரு ஓவியர்கள் அவருக்கு வண்ணம் தீட்டும் முறைகளைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

1841-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் மரியெட்டாவில் லில்லியின் ஓவியங்கள் கண்காட்சியாக வைக்கப்பட்டன. அப்போது அவருக்கு வயது 18. அதைத் தொடர்ந்து, மகளுக்கு ஒரு வழி பிறக்க வேண்டும் என்று தந்தை அவரை அழைத்துக் கொண்டு சின்சினாட்டி நகரத்துக்குப் புறப்பட்டார்.

ஓஹியோ ஆற்றங்கரையில் உள்ள சின்சினாட்டி அன்று வேகமாக வளர்ந்து வந்த நகரம். அங்கே நிக்கோலஸ் லாங்வொர்த் என்ற பெரும் செல்வந்தர் இருந்தார். திராட்சைத் தோட்டங்களும் நிலபுலன்களும் கொண்டவர். ஏழைக் கலைஞர்கள் பலரைக் கைதூக்கிவிட்டவர். கிழக்கே போய் முறையாகப் படித்துவிட்டு வா, நான் உதவுகிறேன் என்று அவர் லில்லியிடம் சொன்னார். லில்லி அந்த உதவியை ஏற்கவில்லை. சின்சினாட்டியிலேயே தங்கி, உருவப்படங்கள் வரைந்து, சம்பாதித்துக் கொண்டே கற்பது என்று முடிவு செய்தார்.

அந்த முடிவு சரியா, தவறா என்று இன்றும் பேசுகிறார்கள். முறையான பயிற்சி இல்லாத குறையை அவர் பின்னால் உணரத்தான் செய்தார். ஆனாலும் ஒருவர் கையை எதிர்பார்க்காமல் நிற்கும் குணம் அன்றே வந்துவிட்டது.

வீட்டு வேலை பார்த்த கணவர்

1844-ம் ஆண்டு லில்லிக்கும் பெஞ்சமின் ரஷ் ஸ்பென்சருக்கும் திருமணம் நடந்தது. பெஞ்சமின் இங்கிலாந்தைச் சேர்ந்தவர். தையல் தொழிலில் இருந்தவர். திருமணமான சில காலத்திலேயே, இருவரில் யாருடைய உழைப்புக்கு அதிக மதிப்பு இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. பெஞ்சமின் தம் தொழிலை விட்டுவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் துணையாக நின்றார்.

ஓவியத் துணியைச் சட்டத்தில் இழுத்து அடிப்பது அவர் வேலை. முடிந்த படத்தைக் கட்டி அனுப்புவது, வாங்குபவர்களிடம் பேசுவது, கணக்கு வழக்குப் பார்ப்பது, வீட்டு வேலைகளில் கை கொடுப்பது எல்லாம் அவர் பொறுப்பு. இன்றைக்கே ஒரு கணவர் இப்படி இருந்தால் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள். 175 ஆண்டுகளுக்கு முன் எப்படி இருந்திருக்கும்! பெஞ்சமின் அதையெல்லாம் பொருட்படுத்தவில்லை.

அக்காலச் சட்டத்தையும் இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். மனைவி உழைத்துச் சம்பாதித்த பணமும் சட்டப்படி கணவனுக்கே சொந்தம் என்று இருந்த காலம் அது. நியூயார்க் மாநிலத்தில், மணமான பெண்ணுக்குத் தன் சம்பாத்தியத்தின் மீது உரிமை உண்டு என்ற சட்டம் 1860-ம் ஆண்டில்தான் வந்தது. சட்டம் ஒரு விதமாக இருக்க, இந்த வீட்டில் வாழ்க்கை வேறு விதமாக நடந்தது.

இவர்களுக்கு 13 குழந்தைகள் பிறந்தன. பிழைத்து வளர்ந்தவர்கள் ஏழு பேர். ஆறு குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்தான், தொட்டிலில் சிரிக்கும் குழந்தைகளை ஊருக்கெல்லாம் வரைந்து கொடுத்தார்.

நியூயார்க் சந்தை

1848-ம் ஆண்டு குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்தது. ஓவியம் விற்க வேண்டுமானால் நியூயார்க்குக்குத்தான் போக வேண்டும் என்ற நிலை அன்று இருந்தது. அதற்கு ஒரு முக்கிய காரணம் அமெரிக்கன் ஆர்ட் யூனியன் என்ற சங்கம்.

அந்தச் சங்கம் நடந்த விதம் சுவையானது. ஆண்டுக்கு 5 டாலர் சந்தா கட்டினால் யாரும் உறுப்பினர் ஆகலாம். உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் ஓர் அச்சுப் படம் நிச்சயம். அதோடு ஆண்டு இறுதியில் குலுக்கல் நடக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் ஓர் அசல் ஓவியமே பரிசாக விழும். 1849-ம் ஆண்டில் அதற்கு ஏறத்தாழ 19 ஆயிரம் உறுப்பினர்கள் இருந்தார்கள். சந்தாப் பணத்தைக் கொண்டு ஓவியர்களிடம் நூற்றுக்கணக்கில் படங்கள் வாங்கப்பட்டன. லில்லியின் படங்களும் அதில் இடம்பெற்றன. ஆனால் குலுக்கல் என்பது லாட்டரிதான், அது சட்ட விரோதம் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டதால் 1852-ல் சங்கமே மூடப்பட்டது. நம்பியிருந்த ஓவியர்கள் தவித்துப் போனார்கள்.

பெரிய நகரத்தில் போட்டியும் பெரியது. ஐரோப்பாவில் படித்துவிட்டு வந்தவர்கள் நடுவில், கரித்துண்டில் தொடங்கிய தமக்கு வரைகோட்டில் இன்னும் பயிற்சி வேண்டும் என்பதை லில்லி உணர்ந்தார். பகலெல்லாம் பிழைப்புக்கு வரைந்துவிட்டு, மாலையில் நேஷனல் அகாடமி ஆஃப் டிசைன் என்ற ஓவியக் கழகத்தின் வகுப்புக்குப் போனார். குழந்தை பெற்ற தாய் மாலை வகுப்பு மாணவியானார். அதே கழகம் 1850-ம் ஆண்டு அவரைக் கௌரவ உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

லில்லிக்கு மனதில் இருந்த ஆசை வேறு. ஷேக்ஸ்பியர் நாடகக் காட்சிகள், உயர்ந்த தத்துவங்களை உருவகமாகக் காட்டும் பெரிய ஓவியங்கள் ஆகியவற்றையே அவர் வரைய விரும்பினார். வாங்குகிறவர்களோ அவற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டில் மாட்டினால் வருகிறவர் பார்த்துச் சிரிக்க வேண்டும், மனம் குளிர வேண்டும் என்று எதிர்பார்த்தார்கள். பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளை வைத்துக் கொண்டு சந்தையோடு சண்டை போட முடியுமா? லில்லி தம் தூரிகையை வீட்டுப் பக்கம் திருப்பினார்.

வெங்காயக் கண்ணீர்

சாதாரண மக்களின் அன்றாட வாழ்க்கையை வரையும் ஓவிய வகை அப்போது அமெரிக்காவில் செழித்து வந்தது. வில்லியம் சிட்னி மவுண்ட் என்பவர் பண்ணை ஆட்களையும் பிடில் வாசிப்பவர்களையும் வரைந்தார். ஜார்ஜ் கேலப் பிங்காம் மிசௌரி ஆற்றுப் படகோட்டிகளையும் தேர்தல் கூட்டங்களையும் வரைந்தார். இவர்கள் காட்டியது பெரும்பாலும் வீட்டுக்கு வெளியே உள்ள ஆண்களின் உலகம். லில்லி கதவைத் திறந்து உள்ளே அழைத்துச் சென்றார்.

1849-ல் வரைந்த 'குடும்ப இன்பம்' என்ற ஓவியத்தில், உறங்கும் இரு குழந்தைகளைத் தாயும் தந்தையும் குனிந்து பார்க்கிறார்கள். தொட்டுவிடாதீர்கள், விழித்துக் கொள்ளும் என்று தாய் கையை உயர்த்தித் தந்தையைத் தடுக்கிறாள். இந்தக் காட்சி நடக்காத வீடு உலகத்தில் உண்டா?

'வெங்காயம் உரித்தல்' என்ற படம் 1852-ம் ஆண்டை ஒட்டியது. கையில் கத்தியும் வெங்காயமும் இருக்க, கண்ணில் வழியும் நீரை ஒரு பெண் புறங்கையால் துடைக்கிறாள். அவ்வளவுதான் கதை. அந்தக் கண்ணீர்த் துளியைப் பார்ப்பவர் கண்ணும் எரிவது போல் வரைந்திருக்கிறார்.

1854-ல் வரைந்த 'இளம் கணவன்: முதல் மார்க்கெட்' என்ற ஓவியம் இன்னும் வேடிக்கை. புதிதாகக் கல்யாணமான வாலிபன் கடைக்குப் போய்விட்டு மழையில் திரும்புகிறான். ஒரு பக்கம் குடை. மறு பக்கம் கூடை. கூடை சரிந்து சாமான்கள் கீழே கொட்டுகின்றன. வழியில் போகிறவர்கள் அவனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதற்கு ஜோடியாக, இளம் மனைவி முதன் முதலில் சமைக்கத் திண்டாடும் காட்சியையும் வரைந்தார். கடைக்குப் போவதும் சமைப்பதும் ஆணுக்கும் பெண்ணுக்கும் பிறவியிலேயே வந்துவிடும் கலை அல்ல, இருவரும் தடுமாறித்தான் கற்க வேண்டும் என்று அந்த ஜோடிப் படங்கள் சிரித்துக் கொண்டே சொல்கின்றன. வேலைகளைப் பங்கிட்டு வாழ்ந்த வீட்டிலிருந்து வந்த படங்கள் அல்லவா!

1857-ல் வரைந்த இன்னொரு படத்தில் ஒரு தாய், மடியில் உள்ள குழந்தையின் கால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பாட்டுப் பாடி விளையாடுகிறாள். நம் வீடுகளில் குழந்தையின் உள்ளங்கையில் பருப்புக் கடைந்து விளையாடுவோமே, அது போன்ற விளையாட்டு.

இவற்றுக்கெல்லாம் மாடல் வைக்க லில்லி யாருக்கும் கூலி கொடுக்கவில்லை. தாம், தம் கணவர், தம் பிள்ளைகள், வீட்டு வேலைக்கு வந்த பெண் ஆகியோரையே நிறுத்தி வைத்து வரைந்தார்.

படம் வீடு வீடாக, பணம் வேறெங்கோ

லித்தோ எனப்படும் கல் அச்சு முறை அந்தக் காலத்தில் பெரிய புரட்சி செய்தது. வழவழப்பான சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் படத்தை வரைவார்கள். பிறகு கல்லை நனைத்து மையை உருட்டினால், மை பென்சில் கோடுகளில் மட்டும் ஒட்டும், ஈரமான இடத்தில் ஒட்டாது. அதன் மேல் காகிதத்தை வைத்து அழுத்தினால் படம் தயார். பிறகு கையால் வண்ணம் தீட்டி விற்பார்கள். ஓர் ஓவியத்தை ஆயிரக்கணக்கில் பெருக்க முடிந்தது. அசல் ஓவியம் வாங்க வசதி இல்லாத குடும்பமும் ஓர் அச்சுப் படத்தை வாங்கிச் சுவரில் மாட்டிக் கொண்டது, காலண்டர் படத்தைக் கண்ணாடி போட்டு மாட்டுவது போல.

பாரிஸ் நகரத்துக் கூப்பில் கம்பெனியும், நியூயார்க்கில் படங்கள் வெளியிட்ட வில்லியம் ஷாஸும் லில்லியின் ஓவியங்களை இப்படி அச்சிட்டு விற்றார்கள். படங்கள் அமோகமாக விலை போயின. ஆனால் லில்லிக்குக் கிடைத்தது ஓவியத்துக்குக் கொடுத்த ஒரு தொகைதான். அதன் பிறகு எத்தனை பிரதி விற்றாலும் அந்த லாபம் வெளியிட்டவருக்கே.

ஓவியத்தை விற்றால், அதை நகலெடுக்கும் உரிமையும் சேர்ந்தே போய்விடுவது அன்றைய வழக்கம். அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓவியங்கள் சேர்க்கப்பட்டதே 1870-ம் ஆண்டில்தான். லில்லியின் படங்கள் மிக அதிகமாக விற்ற காலம் அதற்குள் முடிந்துவிட்டது. வீடு வீடாக அவருடைய படம் தொங்கியது. அவர் வீட்டிலோ அடுத்த மாத வாடகைக்கு வழி தேட வேண்டியிருந்தது.

இதற்கிடையே பத்திரிகைகளுக்கும் புத்தகங்களுக்கும் சித்திரங்கள் வரைந்தார். பழங்கள், பூக்களை வைத்துச் சிறு ஓவியங்கள் வரைந்து விற்றார். கேட்டவர்களுக்கெல்லாம் உருவப்படம் எழுதினார். எந்த வேலையையும் சிறியது என்று தள்ளவில்லை.

பெண் உரிமைக்காகப் பாடுபட வரக் கூடாதா என்று தாயார் அவரைத் தூண்டியதுண்டு. லில்லி நியூயார்க் வந்த அதே 1848-ம் ஆண்டில்தான், அம்மாநிலத்தின் செனகா ஃபால்ஸ் என்ற ஊரில் அமெரிக்காவின் முதல் பெண்ணுரிமை மாநாடு நடந்தது. தம் நேரம் முழுவதையும் ஓவியமே எடுத்துக் கொள்கிறது, அதற்கு மேல் தமக்குச் சக்தி இல்லை என்ற கருத்தில் அவர் தாயாருக்குக் கடிதம் எழுதினார். மேடை ஏறாவிட்டாலும், ஒரு பெண் தன் தொழிலால் பெரிய குடும்பத்தைத் தாங்க முடியும் என்று வாழ்ந்து காட்டினார். அந்த மாநாட்டை நடத்திய தலைவிகளில் ஒருவரான எலிசபெத் கேடி ஸ்டான்டனின் உருவப்படத்தைப் பிற்காலத்தில் அவரே வரைந்தார்.

வாடகைக்கு ஓர் ஓவியம்

நியூயார்க்கின் விலைவாசி தாங்க முடியாமல், 1858-ம் ஆண்டு குடும்பம் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியில் உள்ள நியூவர்க் நகருக்கு மாறியது. அங்கே காய்கறி பயிரிடலாம், கோழி வளர்க்கலாம், செலவு கொஞ்சம் குறையும். வீட்டுச் சொந்தக்காரர் மார்கஸ் வார்டு. பின்னாளில் நியூ ஜெர்சியின் கவர்னரானவர். வாடகைக்கு ஈடாக, அவருடைய பிள்ளைகளைப் பெரிய ஓவியமாக லில்லி வரைந்து கொடுத்தார். அந்தப் படம் இன்றும் நியூவர்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அலங்காரமான உடையில் நிற்கும் அந்தச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பின்னால், ஓர் ஏழை ஓவியரின் வாடகைக் கணக்கு இருக்கிறது.

1861-ல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. நான்கு ஆண்டுகள் நடந்த அந்தப் போரில் ஓவியம் வாங்குவார் குறைந்து போனார்கள். போர் முடிந்த பின் 1866-ல் லில்லி வரைந்த படம் ஒன்றை அவருடைய தலைசிறந்த படைப்புகளில் சேர்க்கிறார்கள். 1863-ம் ஆண்டு ஜூலை 4-ந் தேதி, மிசிசிப்பி ஆற்றங்கரையில் உள்ள விக்ஸ்பர்க் கோட்டை வடக்குப் படையிடம் வீழ்ந்தது. அந்தச் செய்தி ஒரு வீட்டுக்குள் வந்து சேர்ந்த நேரத்தை அந்த ஓவியம் காட்டுகிறது.

தாய் நாற்காலியில் உட்கார்ந்து நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையை விரித்துப் படிக்கிறாள். செய்தியில் ஆழ்ந்துவிட்டதால், மடியில் உள்ள கைக்குழந்தை சரிவது கூடத் தெரியவில்லை. மற்ற பிள்ளைகள் வெற்றிக் களிப்பில் பாத்திரத்தைத் தட்டிக் கொண்டு பட்டாளத்தார் போல் நடை போடுகிறார்கள். தந்தை படத்தில் இல்லை. பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. தாய் மட்டும் சிரிக்காமல், பத்திரிகையின் வரிகளில் எதையோ தேடுகிறாள். தொலைதூரத்திலிருந்து வரும் செய்திக்காகக் காத்திருக்கும் எந்த வீட்டுக்கும் அந்தப் பார்வை பழக்கமானது.

ஆசைப்பட்ட பெரிய படம்

ஊருக்குப் பிடித்ததை வரைந்து கொண்டிருந்தாலும், தமக்குப் பிடித்ததை ஒரு முறையாவது வரைய வேண்டும் என்ற ஏக்கம் லில்லியை விடவில்லை. 1869-ம் ஆண்டு அதை நிறைவேற்றினார். 'பொய்யின் முகமூடியைக் கிழிக்கும் உண்மை' என்ற பொருளில் அமைந்த மிகப் பெரிய உருவக ஓவியம் அது. இத்தனை ஆண்டு உழைப்பின் சாரமாக அவர் அதை நினைத்தார். பெரும் தொகைக்குக் கேட்டும் விற்க மறுத்துவிட்டார் என்று சொல்வார்கள். வாடகைக்குப் படம் எழுதியவர், இந்த ஒரு படத்துக்கு மட்டும் விலை வைக்கவில்லை!

அமெரிக்கா சுதந்திரம் பெற்ற நூறாவது ஆண்டு விழா 1876-ல் பிலடெல்பியா நகரில் மாபெரும் பொருட்காட்சியாக நடந்தது. அங்கே பெண்களின் படைப்புகளுக்கென்று தனிக் கட்டடம் எழுப்பியிருந்தார்கள். அதில் லில்லியின் இந்த ஓவியமும் வைக்கப்பட்டது.

ஆனால் காலம் மாறிவிட்டது. பாரிஸிலும் ஜெர்மனியிலும் படித்துத் திரும்பிய இளைய தலைமுறை ஓவியர்களின் பாணி செல்வாக்குப் பெற்றது. உருவப்படம் வேண்டியவர்கள் போட்டோ ஸ்டூடியோவுக்குப் போனார்கள். லில்லியின் சிரிக்கும் சமையலறைகள் பழைய காலத்துச் சரக்காகிவிட்டன.

தூரிகை ஓய்ந்த நாள்

1880-ம் ஆண்டை ஒட்டி லில்லியும் பெஞ்சமினும் ஹட்சன் ஆற்றங்கரையில் உள்ள ஹைலண்ட் என்ற ஊரில் ஒரு பண்ணைக்குக் குடிபோனார்கள். பணமுடை அங்கேயும் கூடவே வந்தது. பணத்துக்குப் பதில் பண்டமாகப் பெற்றுக் கொண்டும் படம் வரைந்து கொடுத்தார்.

1890-ம் ஆண்டு பெஞ்சமின் காலமானார். 46 ஆண்டு மண வாழ்க்கையில் சட்டம் அடித்து, துணி இழுத்துக் கட்டி, மனைவியின் வெற்றியைத் தம் வெற்றியாகக் கொண்டாடிய மனிதர் போய்விட்டார். 67 வயதில் லில்லி தனியானார். அப்போதும் அவர் தொழிலை விடவில்லை. மீண்டும் நியூயார்க் நகரத்துக்கு வந்து உருவப்படங்கள் வரைந்தார்.

1902-ம் ஆண்டு மே 22-ந் தேதி லில்லி மார்ட்டின் ஸ்பென்சர் காலமானார். வயது 79. அன்று காலையிலும் அவர் ஓவியச் சட்டத்தின் முன் வேலை செய்தார் என்பது வரலாறு. பென்ஷனோ, ஓய்வோ அவருக்கு இல்லை. ஹைலண்டில் கணவரின் சமாதிக்கு அருகே அடக்கம் செய்யப்பட்டார். வாழ்நாளில் அவர் வரைந்தவை 500-க்கு மேல் என்று கணக்கிடுகிறார்கள்.

மீண்டும் வந்த பெயர்

அவர் மறைந்த பின் உலகம் அவரை மறந்தது. 70 ஆண்டுகள் கழிந்தன. 1973-ம் ஆண்டு வாஷிங்டன் நகரில், ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த தேசிய நுண்கலைக் கூடம், லில்லியின் ஓவியங்களை மட்டும் திரட்டித் தனிக் கண்காட்சி நடத்தியது. குடும்பத்தார் பாதுகாத்து வைத்திருந்த கடிதங்களை ஆராய்ச்சியாளர்கள் படித்தார்கள். சிரிக்கும் படங்களுக்குப் பின்னால் இருந்த வாடகையும் கடனும் பிரசவமும் மாலை வகுப்பும் அப்போதுதான் பலருக்குத் தெரிய வந்தன.

இன்று நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், மழையில் கூடையைக் கொட்டிய அந்த இளம் கணவன் இருக்கிறான். ராச்செஸ்டர் நகரில் வெங்காயம் உரிக்கும் பெண் கண்ணைத் துடைத்துக் கொண்டிருக்கிறாள். டெட்ராய்ட் நகரில் அந்த இரு குழந்தைகளும் உறங்குகின்றன. நியூவர்க்கில் தாய் இன்னும் பத்திரிகை படிக்கிறாள்.

விலை வைக்க மறுத்து, தம் சாதனை என்று நம்பிய அந்தப் பெரிய உருவக ஓவியமோ இன்று எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. காணாமல் போய்விட்டது. வாடகைக்கும் பாலுக்கும் ரொட்டிக்கும் என்று அவர் அவசர அவசரமாக வரைந்து கொடுத்த படங்கள்தான் கண்ணாடிக்குள் பத்திரமாக இருந்து, அவர் பெயரைச் சொல்லிக் கொண்டிருக்கின்றன.

பிழைப்புக்காகச் செய்கிற வேலைதானே என்று அவர் எந்தப் படத்தையும் ஏனோதானோ என்று வரையவில்லை. வெங்காயம் உரிப்பவளின் கண்ணோரத்தில் நிற்கும் அந்த ஒரு துளி நீருக்கும் உரிய நேரத்தைக் கொடுத்தார். அதனால்தான் அந்தத் துளி இன்னும் காயவில்லை.